முகமுள்ள யானை, முகமில்லாத அகழி

சித்தூர் மாவட்டத்தின் ஓரத்தில், ஆந்திரமும் தமிழ்நாடும் கர்நாடகமும் நெருங்கி வரும் பகுதியில் இருக்கிறது ராமகுப்பம் மண்டலம். தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் பக்கம் இது. குப்பம் சட்டமன்றத் தொகுதிக்குள் வருவதால் அரசியல் கண் எப்போதும் இதன் மேல் உண்டு. 1989 முதல் இந்தத் தொகுதியிலிருந்து தொடர்ந்து தேர்வாகி வருபவர் சந்திரபாபு நாயுடு. தலைமுறை தலைமுறையாக யானையையே பார்த்திராத இந்த வட்டாரத்துக்கு, 1980களில் ஒசூர் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுக்காகவே 1990-இல் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ராமகுப்பம் மண்டலத்தில் உள்ள நன்னியாலாவில், காட்டு யானைகளை விரட்டுவதற்காக ஜெயந்த், விநாயக் என்ற பழக்கிய கும்கி யானைகள் இரண்டை வைத்து வனத்துறை ஒரு முகாம் நடத்தி வந்தது. 2025 மே 21 அன்று பெங்களூரு விதான சௌதாவில், கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திரத் துணை முதல்வர் பவன் கல்யாணிடம் மேலும் நான்கு கும்கிகளை ஒப்படைத்தார். அன்று யானைச் செய்தியும் அரசியல் செய்தியும் ஒன்றாகவே கைபேசிகளை வந்தடைந்தன.

கைபேசியில் யானை இரண்டு வேடத்தில்தான் வருகிறது. குட்டி ஒன்று சேற்றில் சறுக்கி விழுந்து எழும் காணொளி ஒன்று. அதற்கு இதயங்களாகக் குவியும். யானை மிதித்து யாரோ இறந்த செய்தியோ, மின்சாரம் பாய்ந்து யானை செத்த செய்தியோ இன்னொன்று. அதன் கீழே எந்தக் கட்சி ஆட்சியில் இப்படி நடந்தது என்ற சண்டை தொடங்கும். முதலாவது இளைப்பாறல், இரண்டாவது தலைவலி என்று இவற்றை எதிரெதிராக வைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் இரண்டும் ஒரே விதத்தில்தான் வேலை செய்கின்றன. இரண்டுக்குமே ஒரு முகம் தேவை: கொஞ்சுவதற்குக் குட்டியின் முகம், ஏசுவதற்குத் தலைவரின் முகம். முகம் இல்லாத எதுவும் அந்தத் திரையில் நிற்பதில்லை. ராமகுப்பம் போன்ற ஊர்களில் உயிரும் பயிரும் தப்புவதோ முகமே இல்லாத சில ஏற்பாடுகளால்தான்.

முகத்துக்கு ஏன் இவ்வளவு வலு? பெரிய தலை, உருண்ட கண், உப்பிய கன்னம், குட்டையான கைகால் ஆகியவை மனிதருக்குள் பராமரிக்கும் உணர்வைத் தூண்டுகின்றன என்று 1943-இலேயே எழுதினார் ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ். நம் குழந்தைக்காக அமைந்த அந்த உணர்வு நாய்க்குட்டிக்கும் யானைக்குட்டிக்கும் சேர்த்தே சுரக்கிறது. இரக்கத்துக்கும் இதே கணக்குதான். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பசியால் வாடும் லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்களைவிட, ஒரே ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் கூடுதலாக நன்கொடை தந்தார்கள். அந்தச் சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது நன்கொடை குறைந்துபோனது. பிரச்சினையின் முழு அளவைச் சொல்வதே இரக்கத்தைக் குறைத்துவிட்டது என்பதை நினைத்தால் கவலையாகத்தான் இருக்கிறது.

கோபத்தின் பக்கம் வந்தால், 2021-இல் ஸ்டீவ் ராத்ஜே குழுவினர் அமெரிக்க ஊடகங்களும் அரசியல்வாதிகளும் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் போட்ட 27 லட்சம் பதிவுகளை ஆராய்ந்தார்கள். எதிர்த்தரப்பைக் குறிக்கும் ஒவ்வொரு சொல் கூடும்போதும் அந்தப் பதிவு பகிரப்படும் வாய்ப்பு 67 சதவீதம் ஏறியது. இதற்கு நிறுவனங்களும் எண்ணெய் ஊற்றின. ஃபேஸ்புக் 2016-இல் லைக்கோடு இதயம், சிரிப்பு, வியப்பு, அழுகை, கோபம் ஆகியவற்றையும் சேர்த்தது. எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று முடிவு செய்யும் கணக்கில், 2017 முதல் ஒரு லைக்குக்கு ஒரு புள்ளி என்றால் இந்த எமோஜிகள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. கொஞ்சலுக்கும் ஐந்து, கோபத்துக்கும் ஐந்து. கோபம் வாங்கும் பதிவுகளில் பொய்யும் வெறுப்பும் அதிகம் என்று உள்ளேயே தெரியவந்த பிறகு, கோபத்தின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து 2020-இல் பூஜ்யமாக்கினார்கள். 2021-இல் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் கசிந்த பின்புதான் இது வெளியுலகுக்குத் தெரிந்தது.

இரண்டு முகங்களும் ஒரே நிகழ்வில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தில் ஒரு சான்று இருக்கிறது. 2020 மே 27 அன்று பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்று நீரில் நின்றபடியே ஒரு பெண் யானை இறந்தது. வாயில் வெடி வெடித்துத் தாடை சிதைந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் அலைந்த யானை அது. பிரேதப் பரிசோதனையில் அது சினையாக இருந்தது தெரிந்தது. வனத்துறை அலுவலர் ஒருவர் உருக்கமாக எழுதிய ஃபேஸ்புக் பதிவும், தும்பிக்கையை நீரில் அமிழ்த்தி நின்ற யானையின் படமும் நாடெங்கும் பரவின. யாரோ அன்னாசிப் பழத்துக்குள் வெடி வைத்து அதற்கு ஊட்டிவிட்டார்கள் என்பதே பலரும் நம்பிய கதை. அடுத்த சில நாட்களில் யானை பின்னுக்குப் போய் அரசியல் முன்னுக்கு வந்தது. முன்னாள் மத்திய அமைச்சர் மேனகா காந்தி மலப்புரம் மாவட்டத்தைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த மாவட்டத்தின் மேல் வசைகள் பொழிந்தன. சம்பவம் நடந்தது பாலக்காட்டில் என்பது அதன் பிறகே தெளிவானது. காட்டுப்பன்றியைக் கொல்லத் தேங்காய்க்குள் வைத்த வெடியை யானை கடித்திருக்கிறது என்று விசாரணை சொன்னது. பயிரைத் தின்னும் பன்றிக்கு விவசாயி ஏன் வெடி வைக்கிறார், அவருக்கு வேறு என்ன வழி தரப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்குப் படமும் கிடையாது, எதிரியும் கிடையாது. அழுகை எமோஜியும் கோப எமோஜியும் குவிந்த அந்த வாரத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழவே இல்லை.

அந்தக் கேள்வி எழுகிற இடம் எப்படியிருக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். காட்டோர நிலத்தில் ராகி கதிர் பிடித்து முற்றும் பருவத்தில் யானை இரவில் இறங்கும். தடுக்க அகழி வெட்டுகிறார்கள். பாறை குறுக்கிட்டால் வெட்ட முடியாது. ஓடை குறுக்கிட்டால் அங்கே இடைவெளி விட்டாக வேண்டும். மழையில் கரை சரியும், சரிந்த மண்ணை யானை காலால் உதைத்து நிரப்பிக்கொண்டு தாண்டும். சோலார் வேலி போட்டால், அது நொடிக்கு ஒருமுறை அளவில் கண நேரத் துடிப்பாக மின்சாரத்தை விடும். சுரீரென்று தைக்கும், உயிர் போகாது. ஆனால் கம்பியில் புல்லோ கொடியோ பட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி வேலி வெறும் கம்பியாகிவிடும். தந்தத்தில் மின்சாரம் ஏறாது என்று கண்டுகொண்ட கொம்பன் தந்தத்தாலேயே கம்பியை அறுக்கும், இல்லாவிட்டால் மரத்தை அதன் மேல் சாய்க்கும். ஆகவே வாரம் தவறாமல் புல்லைச் செதுக்கவும், பேட்டரியைப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இந்தப் பராமரிப்பு நின்றுபோகும் இடத்தில்தான் யாரோ ஒருவர் வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொக்கி போட்டு இழுக்கிறார். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு சட்டவிரோத வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் உடல்களை விட்டு அகலாமல் சுற்றிச் சுற்றி வந்த காணொளி தமிழ்நாட்டையே உலுக்கியது.

முகம்தானே மனத்தைத் திறக்கிறது, அதைக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாரண்டஅள்ளி குட்டிகளைப் பார்த்துக் கலங்கியவர்களின் கலக்கம் உண்மையானது. அதே 2023-இல் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. உணர்ச்சியும் விதியும் அடுத்தடுத்து வர முடியும் என்பதற்கு அந்த ஆண்டே சாட்சி. ஆனால் விதி வந்த பின் அது ஊர் ஊராக நடப்புக்கு வந்ததா, எத்தனை வேலிகள் பதிவாயின என்று தொடர்ந்து கேட்பதற்கு எந்தக் காணொளியும் உதவாது. குட்டியின் முகம் கதவைத் திறக்கிறது. திறந்த கதவுக்குள் யாரும் நுழைவதற்குள் திரையில் அடுத்த முகம் வந்துவிடுகிறது.

கோபம் இல்லாமல் எதுவும் அசையாது, ஜல்லிக்கட்டை மறந்துவிட்டீர்களா என்பது அடுத்த வாதம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017 ஜனவரியில் இணையம் வழியாகத் திரண்ட இளைஞர்கள் மெரினாவை நிறைத்தார்கள், சட்டம் மாறியது, 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றது. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அங்கே கோபம் எமோஜியோடு நிற்கவில்லை. அவர்கள் பனியிலும் வெயிலிலும் கடற்கரையில் உட்கார்ந்தார்கள், ஜல்லிக்கட்டுக்கு வழிவிடும் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையைத் திட்டமாக வைத்தார்கள், பின்னால் ஆறு ஆண்டுகள் வழக்கும் நடந்தது. ஜல்லிக்கட்டு காட்டுவது கோபத்துக்குப் பின்னால் செய்ய வேண்டிய வேலையின் அளவைத்தான்.

குட்டிப் படம் பார்த்துச் சிரிப்பதில் என்ன கேடு என்போரும் உண்டு. ஒரு கேடும் இல்லை. குட்டி விலங்குகளின் படத்தைப் பார்த்தவர்கள் அடுத்து வந்த நுணுக்கமான வேலைகளைக் கூடுதல் கவனத்தோடு செய்ததாக ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் கண்டார்கள். களைத்து வந்தவர் அரை நிமிடம் யானைக்குட்டியைப் பார்த்து மனம் இலகுவானால் நல்லதே. அந்த அரை நிமிடத்தை வைத்துத் தொலைவில் உள்ளவரின் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதும்போதுதான் சிக்கல். அரிக்கொம்பன் விஷயத்தில் அதுதான் நடந்தது. கேரளத்தின் சின்னக்கானலில் வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்து அரிசி தின்ற அந்த யானைக்கு இணையத்தில் ரசிகர் கூட்டமே உருவானது. பிடிக்கும் நடவடிக்கையை நீதிமன்றம் நிறுத்தி வைத்தபோது, 2023 மார்ச் இறுதியில் அங்குள்ளவர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். பறம்பிக்குளத்துக்குக் கொண்டுபோகலாம் என்றதும் அங்கேயும் எதிர்ப்பு. ஏப்ரல் இறுதியில் பெரியார் காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது தேனி மாவட்டம் கம்பம் நகருக்குள் ஓடியது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பகுதிக்குக் கொண்டுபோனது. யானை மேல் அன்பு வைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அலைக்கழிந்த அந்த விலங்கின் மேல் யாருக்கும் இரக்கம் வரும். ஆனால் யானை இறங்கும் தெருவில் இரவில் பிள்ளைகளோடு படுத்திருப்பவரின் அச்சமும், நகரத்துக் குடியிருப்பிலிருந்து வரும் இதயமும் திரையில் ஒரே எடையாகத்தான் விழுகின்றன. அருகில் இருப்பவர் யார், தொலைவில் இருப்பவர் யார் என்று எண்ணும் வசதி அந்தப் பொத்தானில் இல்லை. இந்தியாவில் ஆண்டுக்கு 500 பேருக்கும் மேல் யானைகளால் இறக்கிறார்கள். அவர்களில் எவர் முகமும் நமக்கு நினைவில் இல்லை.

இதே கைபேசியை முகமில்லாமலும் பயன்படுத்த முடியும் என்று வால்பாறை காட்டியிருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடமாடும் அந்த மலையில், நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் வனத்துறையோடும் தோட்டத் தொழிலாளர்களோடும் சேர்ந்து, இன்று மாலை யானைக் கூட்டம் எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்பதை உள்ளூர்க் கேபிள் டிவியில் ஓடும் எழுத்தாகத் தெரிவித்தார்கள். 2011 முதல் குறுஞ்செய்தியாகவும் அனுப்பினார்கள். முக்கியமான இடங்களில் கைபேசி அழைப்பால் எரியவிடக்கூடிய சிவப்பு விளக்குகளை நட்டார்கள். அந்தச் செய்தியில் படம் கிடையாது, லைக் போட இடம் கிடையாது. படித்தவர் வேறு வழியாக வீட்டுக்குப் போனார், அவ்வளவுதான். யானை தாக்கி இறப்பது அங்கே வெகுவாகக் குறைந்தது.

ராமகுப்பம் பக்கத்தில் இப்படி ஒன்றைச் செய்வது வால்பாறையைவிடக் கடினம். யானை ஒரே வாரத்தில் மூன்று மாநில எல்லைகளைக் கடக்கக்கூடும். மூன்று வனத்துறைகளும் தகவலை அன்றன்றே ஒன்றுக்கொன்று தர வேண்டும், செய்தி தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றிலும் போக வேண்டும், இரவில் யானைத் தடம் பார்த்துச் சொல்லும் காவலர்களுக்கு மாதாமாதம் சம்பளம் தவறாமல் வர வேண்டும். கும்கிகளை மேடையில் கொடுத்து வாங்கிய இரு அரசுகளும், தமிழ்நாடும் சேர்ந்து, உட்கார்ந்து பேசி முடிக்கக்கூடிய காரியம்தான் இது. அடுத்த முறை இந்தத் தொகுதியில் வாக்குக் கேட்டு வருபவரிடம் நிலத்துக்காரர்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான்: அகழியில் சரிந்த கரையை எப்போது எடுப்பீர்கள், வேலியில் புல் செதுக்கும் ஆளுக்கு எந்தக் கணக்கிலிருந்து கூலி, மிதிபட்ட ராகிக்கு இழப்பீடு எத்தனை நாளில் கைக்கு வரும்.