செப்புக் காசும் வியாபார நாணயமும்

தமிழில் காசுக்கும் நாணயம் என்றே பெயர், நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். இவ்வாரம் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

யுத்தம் 2009 இல் முடிந்த பின்னர் எங்கள் மன்னார்க் கரையில் மக்கள் திரும்பி வந்து காணி துப்புரவு செய்தார்கள், கிணறு வெட்டினார்கள், வீட்டுக்கு அத்திவாரம் தோண்டினார்கள். மண்ணைப் புரட்டினால் பழம்பொருள் வெளிவருவது இயல்பு. நறுவிலிக்குளத்தில் நெல்லும் கருவாடும் கொள்வனவு செய்யும் என்னிடம்கூடச் சிலர், "நானா, பச்சை பிடித்த பழைய காசு ஒன்று இருக்கிறது, என்ன விலை போகும்?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

உரோமச் சில்லறை இங்கே வந்தது எப்படி?

அநுராதபுர இராச்சியத்தின் பெருந்துறைமுகமாக விளங்கியது எமக்கு அருகிலுள்ள மாந்தை. முத்து, யானைத்தந்தம், மணிக்கல் தேடி அரபு, பாரசீக, உரோம வணிகத்தின் சரக்குகள் இக்கரையைத் தொட்டன. மாந்தையில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்வு செய்தனர். யுத்தத்தால் வேலை நின்றது. முழு அறிக்கை 2013 இல்தான் நூலாக வெளிவந்தது.

இலங்கையில் கிடைக்கும் உரோமக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை பொன்னுமல்ல, வெள்ளியுமல்ல. கி.பி. 4 ஆம், 5 ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகளே அவை. தியோடோசியஸ் (379–395), அவருடைய மக்கள் ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் ஆகியோர் காலத்துக் காசுகள் அதிகம். விரல் நகத்தளவுதான் இருக்கும். நிறை ஒன்று, இரண்டு கிராம். ஒரு பக்கம் மன்னன் தலை, மறுபக்கம் போர்வீரனோ சிலுவையோ வெற்றித் தேவதையோ காணப்படும். அடியிலுள்ள மூன்று நான்கு எழுத்துக்களைக் கொண்டு அலெக்சாந்திரியாவில் அடித்ததா, அந்தியோக்கியாவில் அடித்ததா என்று கண்டுபிடிக்கலாம். இங்கே அவை சில்லறையாகவே புழங்கின. அதே சாயலில் உள்ளூரில் அடித்த காசுகளும் கிடைப்பது அதற்குச் சாட்சி.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் கிடைத்த இவ்வகைக் காசுகளைச் சேகரித்து ஆராய்ந்த 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி, 1994 இல் அவை பற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

விலை ஏன் மலிவு?

ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழைமை என்றதும் இலட்சக்கணக்கில் எண்ணுகிறார்கள். வியாபாரிக்குத் தெரிந்த விதிதான் இங்கும்: வரத்து அதிகமானால் விலை குறையும். உரோமர் இக்காசுகளைக் கோடிக்கணக்கில் அடித்தார்கள். இங்கிலாந்தில் புரூம் என்ற ஊரில் 2010 இல் ஒரே பானையில் 52,503 உரோமக் காசுகள் அகப்பட்டன. உலகச் சந்தையில் தேய்ந்த செப்புக் காசு சில டொலர், நன்றாக வாசிக்கக்கூடியது பத்து முதல் முப்பது டொலர். சிசிலியில் இரண்டாம் ஹீரோன் அடித்த கிரேக்கச் செப்புக் காசுகளும் சாதாரண நிலையில் நடுத்தர வருமானக்காரர் வாங்கும் விலைக்கே கிடைக்கின்றன.

ஆகவே தரகர் வந்து "இது பெரும் புதையல்" என்று ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். பழைய செப்பு என்று கிலோக் கணக்கில் இரும்புக்காரருக்குப் போடவும் வேண்டாம். ஒரு காசு ஒன்றரைக் கிராம் என்று வைத்தால், ஒரு கிலோவில் அறுநூற்றுக்கு மேற்பட்ட காசுகள் உருகிப் போகும். கிடைப்பது வெறும் செப்பு விலை.

காசின் உண்மைப் பெறுமதி

சந்தையில் இருபது டொலர் பெறும் அதே காசு, எந்த ஊரில், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்று தெரிந்தால் வரலாற்றுச் சான்றாகிறது. அருவியாற்று வழியே சரக்கு எங்கே போனது, எந்தக் கிராமத்தில் சந்தை இருந்தது என்பதை அது சொல்லும். கைமாறிக் கொழும்புக்குப் போய்விட்டால் அந்தச் சாட்சி ஊமையாகிவிடும். எங்கள் கரையின் பழைய வணிகத்துக்கு எழுத்து ஆதாரம் மிகக் குறைவு. இருக்கிற ஆதாரத்தை நாமே விற்றுவிட்டால் பிள்ளைகளிடம் எதைக் காட்டுவது?

சட்டம் என்ன சொல்கிறது?

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணுக்குள் கிடந்து அகப்படும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். காணி உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும் அடியில் கிடைக்கும் காசு உங்களுடையதல்ல. கண்டெடுத்தவர் உடனே அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இன்றி வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். 1998 இல் சட்டம் திருத்தப்பட்டு மேலும் இறுக்கமானது. தனக்குச் சொந்தமில்லாததை விற்பது எந்த வியாபாரிக்கும் ஆகாது. எமது மார்க்கமும் அதை அனுமதிக்கவில்லை.

செய்ய வேண்டியவை

காசு அகப்பட்டால் புளி, எலுமிச்சம்பழச் சாறு, சாம்பல் எதுவும் போட்டுத் துலக்காதீர்கள். எழுத்தும் உருவமும் அழிந்துவிடும். எமது உவர் மண்ணில் கிடந்த காசில் வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால், உப்பும் ஈரமும் செப்பை அரிக்கின்றன என்று அர்த்தம். உலர்ந்த கடதாசியில் சுற்றி, இடத்தையும் திகதியையும் எழுதி வைத்துப் பொலிசுக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ அறிவியுங்கள்.

சேகரிக்க விரும்பும் இளைஞர்கள் வெளிநாட்டில் முறைப்படி விற்பவரிடம் பற்றுச்சீட்டோடு வாங்கலாம். இங்கே கொண்டுவருமுன் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போலிகளும் உண்டு. ஓரத்தைச் சுற்றி அச்சு ஒட்டிய கோடு, மேற்பரப்பில் ஊசித் துளைகள், சுரண்டினால் உரியும் பச்சை நிறம் இருந்தால் சந்தேகியுங்கள். ஒரே வெடிப்பும் ஒரே தேய்வும் உள்ள இரண்டு காசுகள் வார்த்த போலியே. பழங்காசு பார்க்க விரும்புவோர் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போகலாம்.

இறுதியாக ஒன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம எழுத்தாளர் பிளினி ஒரு செய்தி எழுதியிருக்கிறார். காற்றில் அடிபட்டு இத்தீவில் ஒதுங்கிய ஓர் உரோமரிடம் இருந்த வெள்ளிக் காசுகளை இங்குள்ள மன்னன் பார்த்தானாம். தலைகள் வெவ்வேறு மன்னர்களுடையவை, நிறையோ எல்லாவற்றிலும் ஒன்று. அந்த நேர்மையை வியந்த மன்னன் உரோமுக்குத் தூதர்களை அனுப்பினான். சரியான நிறைதான் அன்று இரு நாடுகளுக்கிடையே நம்பிக்கையைத் தொடக்கி வைத்தது. அந்த நாணயத்தின் சாட்சியை இருபது டொலருக்காக இழந்துவிட வேண்டாம்.