நட்பென்னும் வாயில்

சீனர் அயலாரோடு எளிதிற் கலவார் என்னும் கூற்று நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. மத்தேயோ றிச்சி என்னும் இத்தாலியரின் வரலாற்றை நோக்குவோர் இக்கூற்றைச் சிறிது திருத்திக்கொள்ள நேரும். யேசுசபைத் துறவியாகிய அவர் 1582 இல் மக்காவுத் துறையை அடைந்து, அடுத்த ஆண்டிற் சீன நாட்டினுட் புகுந்து, 1610 இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

தொடக்கத்தில் அவர் பௌத்த பிக்குவைப்போலத் தலையை மழித்துத் துறவாடை அணிந்திருந்தார். ஆயின், சீன நகரங்களிலே பெருமதிப்புப் பெற்றோர் துறவியரல்லர். அரசுத் தேர்வுக்கெனக் கற்ற புலமையோரே. இதனை அவருக்கு எடுத்துரைத்தவர் கியூ தைசு என்னும் நண்பர். இவர் நண்பரான கதை சுவையானது. வெள்ளி செய்யும் இரசவாதத்தை மேனாட்டுத் துறவி அறிவார் என நம்பி வந்தவர் இவர். வெள்ளி கிட்டவில்லை, கணிதம் கிட்டியது. அதனையே விருப்புடன் கற்றார். இவர் சொற்கேட்டு, 1595 இல் றிச்சி தாடியும் முடியும் வளர்த்துப் பட்டங்கி தரித்துப் புலவர் கோலம் பூண்டார்.

அவ்வாண்டிலேயே நாஞ்சாங் நகரிற் குடியேறினார். அங்கே அரசகுலத்தார் ஒருவர் அவரை விருந்துக்கழைத்து, நட்பைப்பற்றி மேனாட்டார் யாது கருதுவர் என வினவினர். அதற்கு விடையாக எழுந்ததே 'நட்பைப் பற்றி' என்னும் சிறுநூல். அவர் சீன மொழியிலேயே இயற்றிய முதல் நூல் அது. கற்றோர் அதனைப் பெரிதும் போற்றினர். காரணம் எளிது. கன்பூசியர் நெறியிலே மனித உறவுகள் ஐந்து. அரசன், தந்தை, கணவன், தமையன் எனும் நால்வரோடு கூடிய உறவுகளில் உயர்வு தாழ்வு உண்டு. அவை பிறப்பாலும் மணத்தாலும் குடியாலும் அமைவன. எஞ்சிய ஐந்தாவது உறவே நட்பு. உறவும் ஊரும் அற்ற அந்நியன் ஒருவன் உட்புகுதற்குத் திறந்திருந்த வாயில் அஃதொன்றே.

அவ்வாயிலிற் புகுதலும் எளிதன்று. ஒருவரைக் காணச் செல்வோர் பெயரெழுதிய தாளை முன்னர் அனுப்புதல் வேண்டும். அதற்கென அமைந்த உடை உடுத்தல் வேண்டும். வணங்கி, இருக்கை பெற்று, தேநீர் அருந்தல் வேண்டும். கண்டவரை மீண்டும் சென்று காணாமை பெருங்குறை. றிச்சி இவற்றையெல்லாம் கூர்ந்து நோக்கி எழுதியுள்ளார். 1601 இற் குடியேறிய பீக்கிங் நகரைப்பற்றி அவர் கூறுவது நகைக்கத்தக்கது. அங்கே தெருப்புழுதி மிகுதியாதலின் பலர் முகத்திரை அணிந்து செல்வராம். புழுதிக்கு மட்டுமோ? தெருவில் எதிர்ப்படும் பெரியோர்க்கெல்லாம் இறங்கி வணங்கும் தொல்லையும் அதனால் ஒழிந்தது!

சமயம் பரப்ப வந்தவரின் நட்பு மெய்ந்நட்பாகுமோ என்னும் வினாவும் எழும். அக்காலத்தே எவர்க்கும் அஞ்சாது எழுதிய லீ சீ என்னும் அறிஞர், நாஞ்சிங்கில் அவரோடு பழகி, அவர் பண்பினை வியந்தார். எனினும், அவர் ஈண்டு வந்த காரியம் யாதென விளங்கவில்லை என நண்பர்க்குக் கடிதம் வரைந்தார். ஐயம் நியாயமானதே. ஆயினும் சூ குவாங்சி என்னும் அறிஞரோடு றிச்சி கொண்ட கேண்மையை வெறும் சூழ்ச்சியென்று தள்ளுதற்கில்லை. சூ அவருடைய சமயத்தைத் தழுவியவர் என்பது மெய். ஆனால் அவ்விருவரும், ஒருவர் வாய்மொழியாற் பொருளுரைக்க மற்றவர் எழுத, யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தில் முதல் ஆறு பாகங்களைச் சீன மொழியாக்கி 1607 இல் வெளியிட்டனர். கலைச்சொல் இல்லாத மொழியிற் கலைச்சொல் ஆக்குதல் எத்துணைப் பாடு என்பதை ஆசிரியராயினார் அறிவர். அப்பாட்டை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

1610 ஆம் ஆண்டு தலைநகரிற் பெருந்தேர்வு நிகழ்ந்த ஆண்டு. எத்திசையினின்றும் வந்த புலமையோர் அவரைக் காண அவர் வீட்டிற் குழுமினர். வந்தவர் அனைவரையும் முறைப்படி வரவேற்று மீண்டும் சென்று கண்ட றிச்சி, மே மாதத் தொடக்கத்தில் நோயுற்று, 11 ஆம் நாள் உயிர்நீத்தார். அதற்குமுன் இறந்த பாதிரிமாரின் உடல்கள் மக்காவுக்கே கொண்டு செல்லப்பட்டன. அவருக்கோ, நண்பர்கள் விண்ணப்பம் எழுதி, அரசனிடமிருந்து பீக்கிங் நகரிலேயே அடக்கநிலம் பெற்றுக் கொடுத்தனர்.