வடபுல வீரக் காதற்கதைகளும் பிற்காலக் கதைப்பாடல்களும்

டென்மார்க்கு, நார்வே, சுவீடன், ஐசுலாந்து, பாரோத் தீவுகள் ஆகிய வடபுல நாடுகளின் பழைய வீரப்பாடல்களில் காதல் தனித்து நிற்பதில்லை. கொலையும் பழியும் சூழவே நிற்கும். தலைவியின் தந்தையையோ உடன்பிறந்தானையோ தலைவன் கொல்லுதல், அவள் தமரால் அவன் கொலையுண்ணுதல், அவன் மாய்ந்தபின் அவள் உயிர் வாழாமை, மாய்ந்தவன் ஓரிரவு மீண்டு வருதல் என்பன அங்கு மீண்டும் மீண்டும் வரும் கதைக்கூறுகள். இவற்றுட் பல, சில நூற்றாண்டுகள் கழித்து ஏட்டிலேறிய கதைப்பாடல்களிலும் காணப்படுகின்றன. இவ்வொற்றுமை எவ்வாறு நேர்ந்தது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் சான்றுகளின் காலத்தைத் தெளிதல் வேண்டும். பழம் பாடல்கள் பெரும்பாலும் ஒரே சுவடியை நம்பி உயிர் பிழைத்தவை. 1270-ஐ ஒட்டி ஐசுலாந்தில் எழுதப்பெற்ற ‘அரசர் சுவடி’ 1643-இல் ஆயர் பிரின்யோல்வுர் சுவேன்சன் கைக்கு வந்தது. 1662-இல் டென்மார்க்கு மன்னனுக்கு அனுப்பப்பெற்றது. 1971-இல் மீண்டும் ஐசுலாந்துக்கே வந்து சேர்ந்தது. எஞ்சியுள்ளவை 45 ஏடுகள். இடையே ஒரு கட்டு இழந்துபோயிற்று. அதனை எட்டு ஏடுகள் எனக் கணிப்பர். இழந்த இடம் சிகுர்து, பிரின்ஹில்த் இருவர் கதையின் நடுப்பகுதியாக அமைந்தது நமது போகூழே. அப்பகுதியை 13-ஆம் நூற்றாண்டு உரைநடை நூலாகிய வோல்சுங்கர் கதை வாயிலாகவே அறிகின்றோம். டென்மார்க்கின் பழங்கதைகளைச் சாக்சோ இலத்தீன் மொழியில் எழுதி முடித்ததும் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. கதைப்பாடல்களின் நிலை வேறு. டேனியக் கதைப்பாடல்களின் பெருந்தொகுப்புச் சுவடிகள் 16-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே கிடைக்கின்றன. வேதல் என்பார் நூறு பாடல்களை அச்சிட்டது 1591-இல். ஆதலின் இருவகைச் சான்றுகளுக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறாண்டு இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் மக்கள் எதனைப் பாடினர் என்பதற்கு ஏட்டுச் சான்று மிகக் குறைவு.

1853-இல் டேனியப் பழம் பாடல்களின் பெரும் பதிப்பைத் தொடங்கிய சுவெண்ட் குருண்ட்விக், பழைய பாடல்களிலிருந்து கதைப்பாடல்கள் வழிவழியாக வந்தன என்னும் கொள்கையில் பெரிதும் நம்பிக்கை உடையவர். அப்பதிப்பு 1976-இல்தான் முற்றுப்பெற்றது. அதற்குள் அறிஞர் கருத்துப் பலவாறு மாறிவிட்டது. ஒரே கதைக்கூறு இரு நூல்களில் வருமாயின் ஒன்று மற்றொன்றன் வழிவந்தது எனத் துணிதல் எளிது. எளிது என்பதே அதன் குற்றம். யாமும் முன்னர் வகுப்புரைகளில் ஹெல்கி பாடலையும் ஆகே பாடலையும் தாயும் மகளும் என்றே கூறிவந்தோம். அவ்வாறு கூறியது பிழை என்று இன்றும் யாம் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அன்று யாம் காட்டிய காரணம் பிழை.

ஹெல்கியின் கதை வருமாறு. சிக்ரூன் போர்த்தெய்வ மகளிருள் ஒருத்தி. தந்தை ஹோக்னி அவளை வேறொருவனுக்கு மணம் பேசுகின்றான். அவள் ஹெல்கியைத் தானே தேடிச்சென்று தன் காதலைக் கூறுகின்றாள். போர் மூள்கின்றது, ஹோக்னியும் அவன் மகனும் ஹெல்கியின் கையால் வீழ்கின்றனர். மற்றொரு மகன் தாகு சூளுரைத்து உயிர் பெறுகின்றான். பின்னர் அவன் ஓதின் தெய்வத்துக்குப் பலியிட்டு, அத்தெய்வத்தின் வேலையே பெற்று, ஹெல்கியைக் கொல்கின்றான். ஹெல்கியைப் புதைத்த மேட்டுக்கு ஒரு மாலை அவனே வீரருடன் குதிரையூர்ந்து வருவதைப் பணிப்பெண் கண்டு தலைவிக்கு உரைக்கின்றாள். சிக்ரூன் மேட்டினுள் புகுந்து, இறந்தவனுடன் படுக்கை விரித்துக் கிடக்கின்றாள். அவள் சிந்தும் கண்ணீர் ஒவ்வொரு துளியும் குருதியாகித் தன் மார்பில் விழுகின்றது என்கின்றான் அவன். சேவல் கூவுமுன் அவன் மீள வேண்டும். மறுநாள் மாலை அவள் காத்திருக்கின்றாள், அவன் வரவில்லை. துயரால் அவள் விரைவில் இறந்தாள் என உரைப்பகுதி கூறும்.

இனி ஆகே, எல்சே என்பாரைப் பற்றிய டேனியக் கதைப்பாடலை நோக்குவோம். ஆகே என்னும் வீரன் எல்சேயை மணம் பேசியவன். மணம் முடியுமுன் இறந்து மண்ணில் கிடக்கின்றான். அவள் அழுகையைக் கேட்டு, தன் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து வந்து, அப்பெட்டியாலேயே அவள் கதவைத் தட்டுகின்றான். ஏசுவின் பெயரை நீ உரைக்க வல்லையாயின் திறப்பேன் என்கின்றாள் அவள். உள்ளே வந்தவனுக்குப் பொற்சீப்பால் தலை வாருகின்றாள். ஒவ்வொரு மயிரை வாரும்போதும் ஒவ்வொரு கண்ணீர். நீ மகிழ்ந்திருக்கும்போது என் பெட்டி ரோசா மலரால் நிறைகின்றது, நீ அழும்போது குருதியால் நிறைகின்றது என்று அவன் கூறுகின்றான். சேவல் கூவுகின்றது. அவள் இடுகாடு வரை உடன் செல்கின்றாள். விண்மீன்களைப் பார் என அவன் சொல்ல, அவள் மேல் நோக்கிய அளவில் அவன் மண்ணுள் மறைகின்றான். ஒரு திங்கள் கழித்து அவளும் இறக்கின்றாள்.

இறந்தவன் வருதல், சேவல் கூவுதல், தலைவி இறத்தல் ஆகிய மூன்றும் ஒத்தமையின் இவை ஒரு குடிப்பிறப்பின என்பதே யாம் முன்னர் காட்டிய காரணம். அது நில்லாது. இறந்த காதலன் இரவில் வருதல் ஐரோப்பா எங்கும் வழங்கும் கதை. செருமானியக் கவிஞர் பியூர்கர் 1773-இல் இயற்றிய லெனோரே அதனை உலகறியச் செய்தது. பேய்கள் சேவற்குரலுக்கு அஞ்சும் என்பதும் எங்கும் உள்ள நம்பிக்கையே. உயிருள்ளோரின் அழுகை இறந்தோரை வருத்தும் என்பதும் அத்தகையதே: கிரிம் உடன்பிறந்தார் தொகுத்த கதைகளுள் ஒன்றில், இறந்த குழந்தை அழும் தாயிடம் வந்து, தன் சவத்துணி கண்ணீரால் நனைந்து உலராமையால் உறக்கம் இல்லை என முறையிடுகின்றது. இம்மூன்றும் பொதுக்கூறுகள், பொதுக்கூறு எத்துணை மிகினும் வழிவரவை நிறுவாது.

ஆனால் கிரிம் கதையில் கண்ணீர் நீராகவே நிற்கின்றது. ஹெல்கி பாடலிலும் ஆகே பாடலிலும் அது குருதியாகின்றது; இறந்தவன் தானே அதனைக் காதலியிடம் எடுத்துரைக்கின்றான். இது சிறப்புக்கூறு. தேவையின்றி வரும் ஒரு நுண்பொருள் இரு நூலிலும் ஒரே இடத்தில் ஒரே பணிக்கு வருமாயின் ஆங்கே தொடர்பை ஐயுறலாம். ஐயுறலாம் என்றே கூறுகின்றோம். ஏனெனில் இதனை ஒழிய இரு பாடல்களும் பிறவற்றில் வேறுபட்டே செல்கின்றன. தந்தையைக் கொன்ற பழி ஆகே பாடலில் இல்லை. போர்த்தெய்வ மகள் இல்லை. மனையில் இருந்து அழும் மங்கை உள்ளாள். சிக்ரூன் அஞ்சாது மேட்டினுள் புகுந்தவள். எல்சேயோ கதவைத் திறக்குமுன் ஏசுவின் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்பவள். கதையின் எலும்பு ஒன்றாயினும் உடம்பு கிறித்தவ நாட்டு மாளிகையில் வளர்ந்த உடம்பு.

சிறப்புக்கூறு என்னும் இவ்வளவுகோல் சிவார்து, பிரினில்த் பற்றிய டேனியப் பாடலில் இன்னும் தெளிவாகப் பயன்படும். பழைய கதையில் பிரின்ஹில்தைச் சூழ்ந்திருந்தது நெருப்பு. கதைப்பாடலில் அவள் கண்ணாடி மலைமேல் இருக்கின்றாள். கண்ணாடி மலை மக்கட் கதைகளில் எங்கும் காணப்படுவது. ஆகவே அதனைக் கொண்டு ஒன்றும் துணிய இயலாது. ஆயின் இரு பெண்களின் பூசலை நோக்குக. செருமானிய நிபெலுங்கர் காப்பியத்தில் அப்பூசல் கோயில் வாயிலில் முற்றுகின்றது. வோல்சுங்கர் கதையிலோ ஆற்றில் தலைமயிர் கழுவச் சென்ற இடத்தில் நிகழ்கின்றது. மோதிரம் ஒன்று மறையை வெளிப்படுத்துகின்றது. டேனியப் பாடலிலும் இரு பெண்களும் நீர்க்கரைக்குத் துணி கழுவச் செல்கின்றனர்; மோதிரம் அங்கேதான் காணப்படுகின்றது. வடபுல மரபு அறாது வந்தது என்பதற்கு நெருப்பைவிட இந்நீர்க்கரையே நல்ல சான்று. பாரோத் தீவினரின் சிகுர்துப் பாடல்களோ நெருப்பையும் விடாது காத்தன. கைகோத்து ஆடும் ஆட்டத்தோடு பாடப்பெற்றுவந்த அவை 1822-இல் லிங்பியே என்பாரால் அச்சேறின.

ஹாக்பார்த், சிக்நி கதை இவற்றினும் நம் உள்ளத்தைக் கவர்வது. ஹாக்பார்த் சிக்நியின் உடன்பிறந்தாரைக் கொன்றவன். அவன் பெண்வேடம் பூண்டு அவள் மனையினுள் புகுகின்றான். கண்டுபிடிக்கப்பட்டுத் தூக்கு மரத்துக்குக் கொண்டு செல்லப்படுகின்றான். அவள் காதலின் உறுதியை அறியத் தன் மேலாடையை முதலில் தூக்குமாறு வேண்டுகின்றான். அதனைக் கண்டு அவன் இறந்தான் எனக் கருதிய சிக்நி தன் மனைக்குத் தீயிட்டு மாய்கின்றாள். தீயைக் கண்டு அவன் மகிழ்ந்து இறக்கின்றான். இக்கதை சாக்சோவுக்கும் மிக முந்தியது. பழைய வடமொழிப் புலவர் (ஈண்டு வடமொழி என்றது சங்கதத்தை அன்று, வடபுலத்தார் மொழியை) தூக்கு மரத்தைச் சிக்நியின் கொழுநன் ஊர்ந்த குதிரை எனக் குறிப்பாற் கூறும் வழக்குடையர். இங்லிங்கர் வரிசை என்னும் அரசர் வழிப்பாடலில் இக்குறிப்பு வருகின்றது. கதை கேட்போர் அனைவரும் அறிந்ததாய் இருந்தாலன்றி இத்தகைய குறிப்பு விளங்காது.

இக்கதையைக் கதைப்பாடலாக்கியோர் சேர்த்த ஒன்று சாக்சோவிடம் இல்லாதது. ஹாக்பார்தைப் பிணித்த கட்டுகளை எல்லாம் அவன் அறுத்துவிடுகின்றான். காட்டிக்கொடுத்த பணிப்பெண், சிக்நியின் தலைமயிர் ஒன்றால் அவனைக் கட்டுக என்கின்றாள். அதனை அறுக்க அவன் மனம் ஒருப்படவில்லை. வீரத்தைக் காதல் வென்றது என்று பத்துப் பாட்டில் விரித்துரைக்கலாம். பெயரறியாப் பாடகன் ஒரு மயிரால் உரைத்துவிட்டான். பிற்காலத்தது ஆகலின் குறைந்தது என்னும் எண்ணம் இக்கூற்றின் முன் நில்லாது. பழமையைத் தேடுவோர் நாம் அடிக்கடி தவறும் இடம் இது. மூலத்தில் இல்லை என்று ஒதுக்கப்படுவதே சிலபோது பாடலின் உயிராக இருக்கும். சுவீடனின் ஹாலந்துப் பகுதியில் அசிகே என்னும் ஊரில் நிற்கும் நெடுங்கற்களை மக்கள் இன்றும் ஹாக்பார்தின் தூக்குமரம் என்றே வழங்குகின்றனர்.

உடன்போக்கைப் பற்றிய பாடல்களுள் ரீபோல்த், குல்போர் பாடல் புகழுடையது. உடன்போக்கு என்னும் சொல்லை நம் அகப்பொருள் நூல்களிலிருந்து எடுத்தாள்கின்றோமே யன்றி, அதன் இலக்கணத்தை ஈண்டுப் பொருத்தற்கில்லை. ரீபோல்த் தலைவியைக் குதிரைமேல் ஏற்றிச் செல்கின்றான். அவள் தந்தையும் உடன்பிறந்தாரும் தொடர்ந்து வந்து வளைக்கின்றனர். போரிடும்போது என் பெயரை உரையாதே என்று அவன் முன்னரே கூறியுள்ளான். ஒவ்வொருவராக வீழ, இளைய உடன்பிறந்தானும் வீழும் நிலையில் அவள் பொறாது பெயரைச் சொல்லி அவனை விடுமாறு கெஞ்சுகின்றாள். அந்நொடியிலேயே ரீபோல்த் இறப்புக்குரிய புண் படுகின்றான். பெயர் சொல்லிச் சாகச் செய்தல் என்னும் பொருள்பட ஒரு தனிச்சொல்லே டேனிய மொழியில் உண்டு. பழம்பாடலில் பாவ்நிர் என்னும் நாகத்தைக் குத்திய சிகுர்து தன் பெயரை மறைக்கின்றான்; சாகின்றவன் பகைவனைப் பெயர் கூறிச் சபித்தால் அது பலிக்கும் என்பது அக்கால நம்பிக்கை என ஆண்டு உரை குறிக்கின்றது. நம்பிக்கையின் இனம் ஒன்றே, கதை வேறு. இஃது உறவே யன்றி மரபுவழி அன்று. பாடலின் உயிர்நிலை, தமரையும் தலைவனையும் ஒருங்கே காக்க முயன்ற ஒருத்தி அம்முயற்சியாலேயே இருசாராரையும் இழத்தல். இந்நிலையே சிக்ரூனுடையது, ஹோக்னி என்னும் மற்றோர் அரசனின் மகளாகிய ஹில்துடையதும் இதுவே.

ஹில்தை ஹேதின் கவர்ந்து சென்றான்; ஹோக்னி தொடர்ந்தான். ஆர்க்னித் தீவுகளுள் ஒன்றாகிய ஹாயில் இரு படையும் எதிர்ந்தன எனச் சுனோரி கூறுவார். பொன் தந்து உடன்படுவேன் என்றான் ஹேதின். உறையினின்று எடுத்தால் ஓர் உயிரேனும் கொள்ளாது அடங்காத வாளை உருவிவிட்டேன், காலம் தாழ்த்தாய் என்றான் ஹோக்னி. பகலில் மாய்ந்தோரை இரவில் ஹில்த் மந்திரத்தால் எழுப்புகின்றாள். போர் உலக முடிவு வரை ஓயாது. 9-ஆம் நூற்றாண்டினர் எனப்படும் பிராகி என்னும் புலவரும் இதனைப் பாடியுள்ளார்.

கல்லறையில் தோன்றிய இரு மரங்கள் கோயிற் கூரைமேல் கிளை கோத்தல் என்னும் கூறு பற்றியும் ஒரு சொல். கதைப்பாடல்களில் இதனைக் காண்போர் வடபுலப் பழமை என மயங்குவர். பழம் வீரப்பாடல்களில் காதலர் முடிவு ஈமத்தீயும் புதைமேடுமே. மரங்கள், நார்வே மன்னன் ஹாகோனுக்காக 1226-இல் பிரெஞ்சிலிருந்து பெயர்க்கப்பெற்ற திரிசுத்திராம் கதையில் வருவன, அயல்நாட்டு வரவு.

ஹில்தின் கதை பிற்காலப் பாடலாக எங்கேனும் எஞ்சியதா எனின், எதிர்பாராத ஓரிடத்தில் எஞ்சியது எனலாம். செத்துலாந்துத் தீவுகளில் வழங்கிய நோர்ன் என்னும் வடபுலக் கிளைமொழி 18-ஆம் நூற்றாண்டில் மறைந்துகொண்டிருந்தது. 1774-இல் சார்சு லோ என்னும் பாதிரியார் பூலா என்னும் சிறு தீவுக்குச் சென்று, வில்லியம் ஹென்றி என்னும் முதிய உழவர் வாயினின்று 35 பாட்டு எழுதிக்கொண்டார். லோ அம்மொழி அறியாதவர். செவியில் விழுந்தவாறே எழுதினார். ஆர்க்னி நாட்டுத் தலைவன் நார்வே மன்னன் மகள் ஹில்தினாவைக் கவர்கின்றான். மன்னன் படையுடன் வர, அவள் தந்தைக்கும் கொழுநனுக்கும் இடையே நின்று உடன்பாடு செய்விக்கின்றாள். ஹிலுகே என்பான் மன்னன் மனத்தைக் கலைத்து, தலைவனைக் கொன்று, அவன் தலையை அவள் மடியில் எறிகின்றான். அவனையே அவள் மணக்க நேர்கின்றது. திருமண நாளில் மதுவை வழங்கும் உரிமை ஒன்றையே தந்தையிடம் வேண்டிப் பெறுகின்றாள். மதுவில் மயக்கமருந்து, மயங்கினோர் கிடந்த மண்டபத்துக்குத் தீ. உயிர் வேண்டிக் கெஞ்சும் ஹிலுகேக்கு, நீ என் தலைவனுக்குக் காட்டிய இரக்கம் எவ்வளவோ அவ்வளவே என்கின்றாள்.

ஹில்த் என்னும் பெயர், ஆர்க்னி, கவர்தல், தந்தை தொடர்தல், மகள் இடைநின்று உடன்பாடு தேடல் ஆகியன ஒருங்கு வருதலின், முற்பகுதியைப் பழைய ஹில்த் கதையோடு தொடர்புபடுத்துவதில் எமக்குத் தடை இல்லை. பிற்பகுதி வேறொரு பழிவாங்கற் கதை என்றே கருதுகின்றோம். செவிவழியே சிதைந்த அவ்வெழுத்துகளினின்று மூலத்தை மீட்டு நார்வே அறிஞர் மாரியுசு ஹேக்சுதாது பதிப்பித்தது 1900-இல். சில பாட்டுகளின் பொருள் இன்றும் துணியப்படவில்லை.