இருபது நிமிடத் தூரம்

யுத்தத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குள் வளரும் பிள்ளைகளிடம் கேட்பவர் குறைவு. 2001இல் வெளிவந்த ‘பிரொமிசஸ்’ (வாக்குறுதிகள்) என்ற விவரணப்படம் அவர்களிடமே கேட்கிறது. ஜஸ்டின் ஷபிரோ, பி. இஸட். கோல்ட்பேர்க், கார்லோஸ் பொலாடோ ஆகியோர் இதை உருவாக்கினர். 2002இல் ஒஸ்கார் விருதுக்கும் இப்படம் பரிந்துரைக்கப்பட்டது.

ஜெரூசலத்திலும் அதைச் சுற்றிலும் வாழும் யூத, பலஸ்தீனப் பிள்ளைகள் 7 பேரே இதன் நாயகர்கள். ஒருவர் வீட்டுக்கும் மற்றவர் வீட்டுக்கும் இருபது நிமிடத் தூரந்தான். ஆனால் ஒருவரையொருவர் கண்டதில்லை.

தெஹய்ஷா அகதி முகாமில் வாழும் பராஜ் என்ற சிறுவன், இராணுவத்தின் சூட்டில் தன் நண்பனை இழந்தவன். அவனுடைய உம்மம்மா 1948இல் இழந்த கிராமத்தைப் பார்க்க அவனுடன் போகிறார். அங்கே மிஞ்சியிருப்பவை கற்கள் மட்டுமே. மறுபக்கத்தில், தாக்குதலில் நண்பனைப் பறிகொடுத்த யூதச் சிறுவனும் இருக்கிறான். பஸ்ஸில் ஏறவே பயப்படும் இரட்டையர்களும் இருக்கிறார்கள். துக்கம் இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் மற்றவரின் துக்கம் எவருக்கும் தெரியாது.

ஒரு நாள் அந்த இரட்டையர்கள் முகாமுக்கு வருகிறார்கள். சேர்ந்து விளையாடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள். இந்த நட்பு நிலைக்காது என்று பராஜ் அழுகிறான். அவன் பயந்தபடியே நடக்கிறது. இரண்டு வருடங்களின் பின் அத்தொடர்பு தேய்ந்து போயிருந்தது. சோதனைச் சாவடிகளும் அன்றாட வாழ்வும் இடையில் நின்றன.

சவளக்கடையில் பெண்கள் சிலருடன் இப்படத்தைப் பார்த்தேன். ஒரு தாய் சொன்னார்: “அந்தப் புள்ளையள் கதைக்கிறதுக்கு மொழிபெயர்க்க ஆள் வேணும். இஞ்ச பாஷை ஒண்டுதானே, பிறகென்ன?”

அக்கேள்வி எம் அனைவருக்குமானது. 1990 ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே மாதம் வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டனர். யுத்தம் 2009இல் முடிந்தது. அதைக் காணாத பிள்ளைகளும் அந்தப் பயத்தை அறிவார்கள். அதைக் கொடுத்தது துவக்கு அல்ல, வீட்டில் நாம் சொல்லும் கதை. கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் பாயும்போது இரு சமூகமும் ஒன்றாகத்தான் தவிக்கிறது. பிள்ளைகளோ தனித்தனிப் பாடசாலைகளில் வளர்கிறார்கள்.

ஒருநாள் சந்திப்பு போதாது என்பதை இப்படம் காட்டுகிறது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இதை அன்றே உணர்ந்திருந்தது. அங்கு தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்து வரைந்தார்கள், விளையாடினார்கள்.

சகோதரிகளே, நடந்ததைப் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டியதில்லை. எமது இழப்பைச் சொல்லும்போது அடுத்த ஊர்த் தாயின் இழப்பையும் சேர்த்துச் சொல்வோம். அவளுடைய பிள்ளையும் எம் பிள்ளையும் ஒரு தடவையல்ல, அடிக்கடி சந்திக்க வழி செய்வோம். விளையாட்டு, வாசிகசாலை, பெருநாள், பொங்கல் என்று அதற்கு வாய்ப்புகள் பல உண்டு. பராஜுக்குக் கிடைக்காதது அந்தத் தொடர்ச்சிதான்.