கணிப்பொறிக் காப்பும் தனிமைப்படுத்தலும்

கர்நாடகத்தின் மேல்கோட்டையில் ஆண்டுதோறும் வைரமுடி சேவை நடைபெறுகிறது. அன்று செல்வநாராயணப் பெருமாளுக்குச் சாத்தப்படும் வைரமுடி, மற்ற நாட்களில் மாண்டியா அரசுக் கருவூலத்தில் இருக்கிறது. விழாவன்று காவலுடன் வந்து, சேவை முடிந்தபின் கருவூலத்திற்கே திரும்புகிறது. மக்கள் திரளும் இடம் வேறு, அரும்பொருளை வைத்துக் காக்கும் இடம் வேறு என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை. கணிப்பொறிப் பாதுகாப்பின் அடிப்படையும் இதுவேயாகும்.

ஆய்வுகளின் தொடக்கம்

1960-களில் ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை பரவியது. ஒருவரது தகவல் மற்றவருக்கு எட்டாமல் தடுப்பது எவ்வாறு என்ற வினா அப்போது எழுந்தது. அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972-இல் அளித்த அறிக்கை இதற்கு ஒரு விடை கூறிற்று. தகவலை நாடும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரே சோதனைச் சாவடியைக் கடந்தாக வேண்டும். அச்சாவடியை எவரும் திருத்தவோ தவிர்க்கவோ இயலலாகாது. முழுமையாகச் சோதித்தறியத்தக்க அளவு அது சிறியதாகவும் இருத்தல் வேண்டும்.

நம்பி ஒப்படைத்த தகவலை ஒரு நிரல் மறைமுக வழிகளில் கசியவிடக்கூடும் என்று 1973-இல் பட்லர் லாம்ப்சன் எச்சரித்தார். பணிக்குத் தேவையான அளவுக்கு மேல் எவருக்கும் அதிகாரம் தரலாகாது என்னும் நெறியை சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-இல் வலியுறுத்தினர். ஒரே கணிப்பொறியின் பகுதிகள் தனித்தனிப் பொறிகளைப் போலவே இயங்குமாறு பிரிக்கும் வழியை 1981-இல் ஜான் ரஷ்பி விளக்கினார்.

இன்றைய பயன்

இன்று ஒரே பொறியில் பல நிறுவனங்களின் பணிகள் நடைபெறுகின்றன. அவற்றைப் பிரிக்கும் சுவர்கள் இக்கருத்துகளின் வழியே அமைந்தவை. செயலியின் உட்செயல்கள் மூலமே தகவல் கசியக்கூடும் என்று 2018-இல் வெளிவந்த 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' குறைபாடுகள் காட்டின. லாம்ப்சனின் எச்சரிக்கை எத்துணைத் தொலைநோக்குடையது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டு அனுபவமும் கருதத்தக்கது. 2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிணையத்தைச் சேர்ந்த கணிப்பொறி ஒன்றில் தீங்கு நிரல் இருப்பது தெரியவந்தது. இணையத்துடன் தொடர்புடைய அப்பிணையம், முக்கிய உள்பிணையத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது என இந்திய அணுமின் கழகம் அறிவித்தது.

ஆயினும், பிரித்துவிட்டோம் என்று அமைதி கொள்வதற்கில்லை. 2010-இல் கண்டறியப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்', கையடக்க நினைவகங்கள் வழியாகவும் பரவியது. கதவு எத்துணை வலியதாயினும், அதைக் கடந்து செல்வோரையும் அவர் கைப்பொருளையும் சோதிக்காவிடில் பயனில்லை. அலுவலகக் கணிப்பொறியில் சொந்த நினைவகத்தைச் செருகுமுன் ஒவ்வோர் ஊழியரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.