நூலகத்தின் பயன் கணக்கு

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்து, சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராய்ப் பணியாற்றிய அறிஞர் சீ. இரா. அரங்கநாதனார், 1931-ஆம் ஆண்டில் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். நூல்கள் பயன்படுதற்கே உரியன என்பது அவற்றுள் முதல் விதியின் கருத்தாகும். இவ்விதி ஒவ்வொரு நூலகரிடத்தும் ஒரு வினாவை எழுப்புகின்றது. 'நும் நூலகத்தில் உள்ளவை பயன்பட்டனவா? பயன்பட்டன எனின், எவ்வளவு?' என்பதே அவ்வினா.

அச்சு நூல்களைப் பொறுத்தவரை இவ்வினாவிற்கு விடை காண்டல் எளிது. நூலின் உட்பக்கத்தில் ஒட்டப்பெற்ற தாளில் நாள் முத்திரைகளை எண்ணினால், அந்நூல் எத்தனை முறை வெளிச்சென்றது என்பது விளங்கும். ஆனால், இந்நாளில் நூலகங்கள் மின்னணுத் தரவுத்தளங்களையும் பெற்று வருகின்றன. ஆய்விதழ்க் கட்டுரைகள், அவற்றின் சுருக்கங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், புள்ளிவிவரங்கள் முதலியவற்றைக் கணிப்பொறியில் தொகுத்து, இணையத்தின் வாயிலாகத் தேடிப் படிக்குமாறு அமைத்தவையே தரவுத்தளங்கள். இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு நூலகம் ஆண்டுதோறும் சந்தா செலுத்துகின்றது. படிப்பவர் விடுதியில் இருந்தும் படிப்பார், நள்ளிரவிலும் படிப்பார். அவரை நூலகர் காண்பதில்லை. அவர் படித்த செய்தி, தரவுத்தளத்தை நடத்தும் நிறுவனத்தின் கணிப்பொறியிலேயே பதிவாகின்றது.

இங்கு ஓர் இடர்ப்பாடு தோன்றிற்று. நிறுவனங்கள் தத்தமக்கு வேண்டியவாறு எண்ணலாயின. ஒன்று பக்கங்களை எண்ணியது. மற்றொன்று தேடல்களை எண்ணியது. ஒருவர் மரக்காலாலும் மற்றொருவர் படியாலும் அளந்த நெல்லை ஒப்பிடுதல் எங்ஙனம்? இக்குறையைப் போக்குதற்கு, நூலகத்தாரும் பதிப்பாளரும் கூடி 2002-ஆம் ஆண்டில் 'கவுண்டர்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். எதனை, எவ்வாறு எண்ண வேண்டும் என்று அவ்வமைப்பு ஒரு நடைமுறை நெறியை வகுத்தது. அந்நெறியின் ஐந்தாம் பதிப்பு 2019-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நடைமுறைக்கு வந்தது. நெறியின்படி எண்ணப்படுகின்றதா என்பதைத் தணிக்கையாளர் ஆராய்ந்து சான்றளிப்பர்.

அந்நெறியின் சில கூறுகளை அறிதல் நன்று. ஒருவர் கைதவறி ஒரே இணைப்பை முப்பது நொடிக்குள் இருமுறை அழுத்தினால், அஃது ஒரு முறையாகவே கொள்ளப்படும். மாந்தர் அல்லாத தானியங்கி நிரல்கள் வந்து போவதும் கணக்கில் சேராது. ஒரு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் பார்த்தல் ஒரு வகை. முழுக் கட்டுரையையும் திறத்தல் அல்லது இறக்கிக் கொள்ளுதல் மற்றொரு வகை. துணிக்கடையில் ஒரு புடைவையை விரித்துப் பார்த்தலும், அதனை விலை கொடுத்து வாங்குதலும் ஒன்றாகா அல்லவா? மேலும், ஒருவர் ஒரு கட்டுரையைத் திரையில் படித்துச் சில நிமிடங்களுக்குப் பின் அதனையே இறக்கிக் கொண்டால், மொத்தக் கணக்கில் அஃது இரண்டு. தனிக் கட்டுரைக் கணக்கில் ஒன்றே. ஆகவே, ஓர் எண்ணைக் கண்டவுடன், 'இஃது எதன் எண்?' என்று வினவுதலே முதற்கடன்.

தேடல்களின் எண்ணிக்கையை ஆராய்வதில் தனிக் கவனம் வேண்டும். தேடல்கள் பல, திறந்த கட்டுரைகள் சில எனின், படிப்பவர் வேண்டியது கிட்டாமல் அலைந்தனர் என்றும் பொருள்படலாம். சுருக்கங்களிலேயே அவர்தம் தேவை நிறைவேறிற்று என்றும் பொருள்படலாம். இனி, உரிமை இன்மையால் கட்டுரையைத் திறக்க இயலாது திரும்பியோரின் எண்ணிக்கையும் உண்டு. இது நடந்த பயனைக் காட்டுவதன்று; நிறைவேறாத தேவையைக் காட்டுவது. எந்த இதழுக்கு இவ்வெண் மிகுகின்றதோ, அவ்விதழைப் பெறுதல் பற்றி நூலகர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்கணக்கு இவ்வளவு இன்றியமையாதது ஆவது ஏன்? செலவாகும் பணம் பெரிது, அதுவும் பொதுப்பணம். 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நடுவண் அரசு, 'ஒரு நாடு ஒரு சந்தா' என்னும் திட்டத்தின்கீழ் ஆய்விதழ்களைப் பெறுதற்கு, 2025 முதல் 2027 வரையுள்ள மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் அளவில் ஒப்புதல் வழங்கியது. இத்தகைய பணம் பயன்பட்டதா என்று கேட்டல் முறையே. சந்தாத் தொகையைப் பயன்பாட்டின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருமுறைப் பயனுக்கு ஆன செலவு கிட்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கல்லூரி இரு தரவுத்தளங்களைப் பெறுகின்றது என்று கொள்வோம். முதலாவதன் சந்தா 1,20,000 ரூபாய். ஓராண்டில் 6,000 கட்டுரைகள் திறக்கப்பட்டன. ஆகவே, கட்டுரை ஒன்றுக்கு ஆன செலவு 20 ரூபாய். இரண்டாவதன் சந்தா 60,000 ரூபாய், திறக்கப்பட்டவை 150. கட்டுரை ஒன்றுக்கு 400 ரூபாய். 'இரண்டாவதை நிறுத்துக' என்றே எவரும் உடனே கூறுவர். ஆனால், முதலாவது 2,000 மாணவர்க்கு உரிய பொதுப்பாடத் தளம். அதனை ஒருவர் பயன்படுத்தியது சராசரி மூன்று முறை. இரண்டாவது, அருநோய் ஒன்றைப் பற்றி ஆராயும் பதின்மர்க்கு உரியது. அவருள் ஒருவர் பயன்படுத்தியது சராசரி பதினைந்து முறை. வேறெங்கும் கிடைக்காத கட்டுரைகள் அதில் உள எனின், அதனை நிறுத்துதல் அப்பதின்மரின் ஆய்வையே நிறுத்துவதாக முடியும். எனினும், அச்செலவைத் தாங்க இயலாத நூலகமும் உண்டு. அந்நூலகம் அவ்வாய்வாளரைக் கலந்து, கட்டுரைகளைத் தனித்தனியே பெறும் வழி உண்டா என்று ஆராய்ந்த பின்னரே முடிவு செய்தல் தகும்.

எண் குறைந்தவிடத்துக் காரணம் ஆராய்தலும் வேண்டும். கோடை விடுமுறையில் எண் குறைதல் இயல்பு. ஆதலின், மே மாதக் கணக்கைச் சென்ற ஆண்டின் மே மாதக் கணக்கோடு ஒப்பிட வேண்டுமேயன்றி, ஆகஸ்டு மாதக் கணக்கோடு ஒப்பிடலாகாது. நெறியின் பதிப்பு மாறிய ஆண்டில், பழைய எண்ணும் புதிய எண்ணும் அப்படியே ஒத்து வாரா. இணைப்புப் பழுதுற்றதனாலும் எண் குறையும். அத்தளம் தம் நூலகத்தில் உண்டு என்பதே மாணவர்க்குத் தெரியாதிருத்தலும் ஒரு காரணமாகலாம். பழுதினால் குறைந்ததைப் பழுது நீக்கியும், அறியாமையால் குறைந்ததைக் கற்பித்தும் சீர்செய்தல் வேண்டும். இவற்றை விடுத்துச் சந்தாவை நிறுத்துதல், கிணற்றுக் கயிறு அறுந்தமைக்குக் கிணற்றையே தூர்ப்பது போலாம்.

ஒரு கட்டுரை எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதைக் கணக்குக் கூறும். திறந்தவர் அதனைப் படித்தாரா, படித்துத் தெளிந்தாரா என்பதைக் கூறாது. அதனைப் படிப்பவரோடு பழகியே அறிதல் வேண்டும். எனவே, நல்ல நூலகர் கணக்கேட்டை ஒரு கையிலும், படிப்போரின் தேவையை மற்றொரு கையிலும் ஏந்தி, இரண்டையும் சீர்தூக்கியே முடிவு செய்வர். அத்தகையோர் காக்கும் நூலகத்தில் பொதுப்பணமும் வீணாகாது. சிலர்க்கே வேண்டிய அறிவும் அழியாது நிலைபெறும்.