எங்களைக் கேட்டால்…

பள்ளியில் மாணவியர் மகிழ்ச்சியாயிருக்க என்ன வேண்டும் என்று பெரியோரைக் கேட்டால், நல்ல கட்டடம், நல்ல ஆசிரியர், நல்ல தேர்ச்சி என்பார்கள். எங்களைக் கேட்டால், மதிய உணவு வேளையில் பக்கத்தில் உட்கார ஒருத்தி வேண்டும் என்போம்.

எங்களையும் கேட்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட செய்திதான். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. தம்மைப் பற்றிய காரியங்களில் கருத்துச் சொல்லச் சிறுவர்க்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. 31-ஆம் பிரிவு விளையாட்டையும் உரிமை என்கிறது. (பரீட்சை வந்தால் டிரில் வகுப்பு கணக்கு வகுப்பாவதை இங்கே நினைத்துக்கொள்கிறோம்!)

எங்கள் வகுப்பில் கீழ்நாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்போரும் உண்டு. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து மேல்மலைப் பெண்களும் உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. ஆனால் பூண்டு பயிரிடும் வீட்டுத் தோழி ஒருத்தியை எட்டாம் வகுப்பில் நாங்கள் 'பூண்டு' என்றே அழைத்தோம். மூக்கைப் பொத்திக் காட்டியவர்களும் எங்களில் உண்டு. உணவுக்குமுன் செபத்தை எல்லோரும் சேர்ந்தே சொல்வோம். 'ஆமென்' என்றதும் அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தைலமரத்தடிக்குப் போய்விடுவாள். பனிமூட்டத்தில் மரமும் தெரியாது, அவளும் தெரியமாட்டாள். எங்களுக்கு அது விளையாட்டு.

தமிழக அரசுப் பள்ளிகளில் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' என்ற பெட்டி உண்டு. 1098 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் ஒருத்தி அடித்தாள் என்று எழுதலாம். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை என்று யார் பெயரைப் போட்டு எழுதுவது? தன்னிடந்தான் குறை என்றல்லவா அவள் எண்ணிக்கொள்கிறாள்!

ஆகவே இவ்வாண்டு நாங்களே ஒரு யோசனை சொன்னோம். திங்கள்தோறும் சீட்டுக் குலுக்கி, உணவு வேளையில் யார் யாரோடு உட்காருவது என்று முடிவு செய்கிறோம். உயிர்த் தோழிகள் பிரிய நேர்ந்ததால் முதல் வாரம் ஒரே முணுமுணுப்பு. மூன்றாம் வாரம், மூக்கைப் பொத்தியவர்களில் இருவர் பக்கத்தில் அவளுக்கு இடம் விழுந்தது. மழை நாளில் பூண்டை எப்படிக் காயவைப்பீர்கள் என்று கேட்டோம். மணியடிக்கும்வரை சொன்னாள்.

இப்போது பெயர் சொல்லியே கூப்பிடுகிறோம். பழைய பெயர் எப்போதாவது வாய்தவறி வந்துவிடுகிறது. அப்போது அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.